ஆங்கிலத்துக்காகப் பள்ளியை மாற்றலாமா? ஒரு தாய்க்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். எட்டாம் வகுப்பு முடித்திருக்கும் உங்கள் மகனுக்கு ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் சொந்தமாக எழுத வரவில்லை என்றும், அதனால் வரும் ஜூனில் அவனை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்து, நகையை அடகு வைத்தாவது ஒரு தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தோடு அவனுடைய ஆங்கில நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியது நல்லதாயிற்று. மதிப்பெண் பட்டியல் சொல்லாததை அவை சொல்லிவிட்டன. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆங்கிலத்துக்காக மட்டும் என்றால் பள்ளியை மாற்றாதீர்கள், நகையையும் தொடாதீர்கள்.

முதல் பக்கத்தில் வகுப்பாசிரியருக்கு எழுதிய விடுப்புக் கடிதம் இருக்கிறது. 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கிக் கையொப்பம் வரை ஒரு பிழைகூட இல்லை. தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போன எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரக்கூடிய கடிதம் அது. கடைசிப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நடந்ததை எழுதச் சொன்னபோது அவன் எழுதியிருப்பது இது: 'மை ஃபாதர் ஷாப் கோ. மை சிஸ்டர் ரைஸ் ஈட். ஐ டிட் நாட் வென்ட் டியூஷன்.' நீங்கள் இதைப் பார்த்துத்தான் கலங்கியிருக்கிறீர்கள். எனக்கோ விடுப்புக் கடிதம்தான் கவலை தந்தது, ஏனெனில் அதில் அவன் இல்லை, மனப்பாடம் மட்டுமே இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அவன் இருக்கிறான். சொற்கள் எல்லாம் சரியானவை. முதல் இரண்டு வாக்கியங்களில், தமிழில் வினை கடைசியில் வருவதுபோலவே ஆங்கிலத்திலும் வினையைக் கடைசியில் வைத்திருக்கிறான், அவ்வளவுதான். ஒரே வகையில் திரும்பத் திரும்ப வரும் பிழையைத் திருத்துவது எளிது. தாறுமாறாக வரும் பிழைதான் ஆசிரியரைத் திணறடிக்கும்.

இந்தப் பிழை ஆங்கிலவழிப் பள்ளிக்குப் போனால் தானாகப் போய்விடாது. அங்கே அறிவியலும் சமூக அறிவியலும் ஆங்கிலத்தில் வந்து விழும்போது, வாக்கியம் அமைக்கத் தெரியாத பிள்ளை எல்லாப் பாடங்களையும் அந்த விடுப்புக் கடிதத்தைப் போலவே மனப்பாடம் செய்யத் தொடங்குவான். எட்டு வரை தமிழில் புரிந்து படித்தவனுக்கு ஒன்பதில் நேரக்கூடிய பெரிய இழப்பு அதுதான்.

பள்ளியை மாற்றினால் கைநழுவிப் போகிறவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. உயர்கல்விக்குச் செல்லும் மாணவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் தமிழ்ப் புதல்வன் திட்டமும், 2024 முதல், அரசுப் பள்ளிப் படிப்பை அடிப்படையாகக் கொண்டே நடக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. உங்கள் ஊர் அரசுப் பள்ளியிலேயே ஆங்கிலவழிப் பிரிவு இருந்து அதில் சேர்த்தால் 7.5 விழுக்காடு போகாது. ஆனால் தமிழ்வழி முன்னுரிமை போய்விடும். ஒரு பாடத்தில் தடுமாறுகிறான் என்பதற்காக இவற்றை விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்படியென்றால் ஆங்கிலம் அவசியமில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அவசியம்தான், எங்கே எவ்வளவு என்று தெரிந்திருப்பது நல்லது. பொறியியல் கலந்தாய்வுக்கான 200 மதிப்பெண் கணக்கில் கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டுமே சேரும். அதனாலேயே பன்னிரண்டாம் வகுப்பில் பலர் ஆங்கிலத்தைத் தேர்ச்சிக்கு மட்டும் படித்துவிட்டு, கல்லூரியின் முதல் வாரத்தில் விரிவுரை புரியாமல் திகைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். வங்கி எழுத்தர் பணிக்கான முதல்நிலைத் தேர்வில் 100 வினாக்களில் 30 ஆங்கிலத்துக்கு உரியவை, மறுபுறம், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் ஆங்கிலத் தாளே கிடையாது, தமிழ்த் தகுதித் தாள்தான். ஆகவே உங்கள் மகன் எந்தப் பக்கம் போனாலும், பிழையின்றி எளிய வாக்கியம் எழுதவும் ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ளவும் முடிந்தால் போதிய அடித்தளம் கிடைத்துவிடும்.

இனி அவன் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வாக்கிய வரிசை ஒன்றை மட்டும் பழகட்டும். அதையும் தமிழிலிருந்தே தொடங்கலாம். 'அக்கா சோறு சாப்பிடுகிறாள்' என்பதை மூன்று துண்டுச் சீட்டுகளில் எழுதி, 'அக்கா, சாப்பிடுகிறாள், சோறு' என்று மாற்றி அடுக்கச் சொல்லுங்கள். காதுக்கு வேடிக்கையாக இருக்கும், சிரிப்பான். சிரித்துக்கொண்டே பத்து வாக்கியங்களை அப்படி அடுக்கியபின் அதே வரிசையில் ஆங்கிலச் சொற்களை வைத்தால், 'மை சிஸ்டர் ஈட்ஸ் ரைஸ்' என்பது விதியாக அல்லாமல் பழக்கமாக வந்து சேரும். யார், என்ன செய்கிறார், எதை, எங்கே, எப்போது என்ற இந்த வரிசை கைக்கு வந்துவிட்டால் அவனுடைய பிழைகளில் பெரும்பாலானவை ஓய்ந்துவிடும்.

'ஈட்ஸ்' என்பதன் கடைசியில் வரும் அந்த 'ஸ்' பற்றி அஞ்ச வேண்டாம். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார், போகிறது, போகிறோம், போகிறீர்கள், போகிறார்கள், போகின்றன என்று பத்து விதமாக வினையை மாற்றி நாள் முழுவதும் பேசுகிற பிள்ளைக்கு, நிகழ்காலத்தில் 'கோ', 'கோஸ்' என்ற இரண்டே வடிவங்கள் பெரிய சுமையாக இருக்க முடியாது. இதை அவனிடம் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலம் தன்னைவிட உயரத்தில் இருக்கிறது என்ற எண்ணம் பல பிள்ளைகளிடம் அங்கேயே பாதி இறங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

'டிட் நாட் வென்ட்' என்பதும் காரணமுள்ள பிழைதான். 'போகவில்லை' என்ற நம் சொல்லில் காலம் வெளிப்படையாக இல்லை. 'நேற்றுப் போகவில்லை', 'இன்று போகவில்லை' இரண்டுக்கும் அது ஒன்றே. ஆங்கிலத்தில் மறுக்கும்போது காலத்தைத் தூக்கிக்கொள்ள 'டிட்' என்று ஓர் ஆள் முன்னால் வந்து நிற்கிறார். அவர் தூக்கிக்கொண்டபின் 'வென்ட்' ஏன் அதே சுமையைத் தூக்க வேண்டும்? அது 'கோ' என்று இறங்கிக்கொள்ளலாம். கேள்வி கேட்கும்போதும் இதே கதைதான்.

வேற்றுமை உருபுகளில் மட்டும் சற்றுப் பொறுமை வேண்டும். மதுரையில், மேசையில், பேருந்தில் என்று நாம் ஒரே 'இல்' போட்டு முடிக்கும் இடத்தில், ஆங்கிலம் 'இன் மதுரை', 'ஆன் த டேபிள்', 'பை பஸ்' என்று மூன்று சொற்களைக் கேட்கிறது. இதற்கு விதி தேடி அலைவதைவிட, சொல்லை அதன் துணையோடு சேர்த்தே மனத்தில் ஏற்றுவது மேல். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'அன்', 'த' (a, an, the) ஆகிய மூன்றையும் இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். அவை தவறினாலும் பொருள் பெரும்பாலும் கெடுவதில்லை. செயப்பாட்டு வினை, அயற்கூற்று போன்றவை பத்தாம் வகுப்புத் தேர்வில் கேட்கப்படுபவைதாம். ஆனால் நேர் வாக்கியமே எழுத வராதவனைக் கொண்டு அதைத் தலைகீழாக்கிப் பழக்குவதில் பயன் இல்லை. அவற்றை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

சொற்களைப் பொறுத்தவரை, அகராதியை 'ஏ' எழுத்திலிருந்து மனப்பாடம் செய்யும் வேலை வேண்டவே வேண்டாம். அன்றாட ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சொற்களைத் தொகுத்து, ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பட்டியலில் இருந்தவை ஏறத்தாழ 2000 தலைச்சொற்கள்தாம். இன்றைக்கும் மாணவர்க்கான சில ஆங்கில அகராதிகள் ஏறக்குறைய அந்த அளவுச் சொற்களைக் கொண்டே எல்லாப் பொருளையும் விளக்கிவிடுகின்றன. நாளுக்கு ஐந்து, வாரத்துக்கு ஆறு நாள் என்று வைத்தால் 67 வாரங்களில் 2000 ஆகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு அவனுக்கு ஏறத்தாழ 90 வாரங்கள் இருக்கின்றன. மறந்ததைத் திரும்பப் படிக்கவும் இடம் இருக்கிறது. அந்தத் தேர்வின் முதல் 14 ஒரு மதிப்பெண் வினாக்களில் பொருள், எதிர்ச்சொல், பன்மை என்று சொல்லறிவே பெரும்பங்கு வகிக்கிறது என்பதால், இந்த உழைப்பு மதிப்பெண்ணாகவும் திரும்பி வரும்.

தொடக்கம் உங்கள் தையல் மேசையிலேயே இருக்கிறது. காலர், பாக்கெட், பட்டன், ஜிப், பாபின், டேப், கட்டிங், மெஷின் என்று ஒரு நாளில் நீங்கள் சொல்லும் ஆங்கிலச் சொற்களை அவன் ஒரு தாளில் எழுதட்டும். பொருளும் ஒலியும் தெரிந்த சொற்கள். எழுத்துக்கூட்டு மட்டும்தான் புதிது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் அவன் சொந்தமாக எழுத வேண்டும்: 'மை மதர் கட்ஸ் த காலர்.' வாக்கியம் இல்லாத சொல்லைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மூன்று மாத ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். சேர்ப்பதற்கு முன் அங்கே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு மணி நேர வகுப்பில் என் மகன் எத்தனை நிமிடம் பேசுவான்? நாற்பது பேர் உட்கார்ந்து ஒருவர் பேசும் வகுப்பு என்றால் அது இன்னொரு பள்ளிக்கூடம்தான்.

உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலைக்கு அது தடையே இல்லை. இரவு இருபது நிமிடம் அவன் அருகில் உட்காருங்கள். பாடநூலின் ஒரு பத்தியை அவன் வாய்விட்டுப் படிக்கட்டும். பிறகு அதை உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். எங்கே தயங்குகிறானோ அங்கே அவனுக்குப் புரியவில்லை என்று பொருள். அந்த வரியின் கீழ் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால், மறுநாள் ஆசிரியரிடம் எதைக் கேட்பது என்று அவனுக்கே தெரிந்துவிடும். பக்கத்தில் உள்ளவர்கள் முன்னால் 'ஏதாவது இங்கிலீஷில் பேசிக் காட்டு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் அவனுடைய நோட்டின் கடைசி ஐந்து பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். அடித்துத் திருத்திய பக்கங்களாகவே இருக்கட்டும். அழகாகப் பார்த்து எழுதியவை வேண்டாம்.