முதுகு ஆபரேஷனுக்கு முன் மனதைப் பற்றி ஏன் கேட்கிறார்கள்?

கேள்வி: எனக்கு வயது 54. டிஸ்க் விலகி நரம்பை அழுத்துவதால் ஒரு வருடமாக இடுப்பிலிருந்து கால்வரை வலி. ஆபரேஷன் முடிவாகிவிட்டது. போன வாரம் நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். எல்லாம் மனச்சோர்வு பற்றிய கேள்விகள். கடைசிக் கேள்வியில் கை நின்றுவிட்டது. என் வலியைப் பிரமை என்று நினைக்கிறார்களா? எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிடலாமா?

பதில்: போடாதீர்கள். சர்க்கரை பார்த்தபோதும் ஈசிஜி எடுத்தபோதும் கோபம் வரவில்லையே? இதுவும் அந்த மாதிரிதான். நரம்பு நசுங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்த பிறகுதானே ஆபரேஷன் என்றார்கள்? உங்கள் வலியை யாரும் சந்தேகிக்கவில்லை.

நீங்கள் பார்த்தது பிஹெச்க்யூ-9 தாளாக இருக்கலாம். கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் உட்காரவைத்து விசாரிப்பார்கள். தாளை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்ட மாட்டார்கள். தூக்கமின்மையும் அசதியும் வெறும் வலியாலேயே வரும் என்பது அவர்களுக்கும் தெரியும். "வலியால்தான் தூக்கம் வரவில்லை" என்று ஓரத்தில் எழுதியே கொடுங்கள்.

மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு, ஆபரேஷன் நன்றாக நடந்தாலும் வலி எதிர்பார்த்த அளவு குறையாமல் போவதுண்டு. வலி மாத்திரையை நிறுத்தவும் நாளாகும். எழுந்து நடக்க, பிசியோதெரபி செய்ய மனம் வராதது ஒரு காரணம். இன்னொன்று, செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற மூளை, நரம்பு ரசாயனங்கள் இரண்டுக்கும் மனநிலையிலும் பங்கு உண்டு, வலியை அடக்குவதிலும் பங்கு உண்டு. இந்த இரண்டின் மீதும் வேலை செய்யும் டூலோக்செடின் என்ற ஒரே மாத்திரையை மனச்சோர்வுக்கும் நாள்பட்ட முதுகுவலிக்கும் கொடுப்பது அதனால்தான்.

ஏற்கெனவே அப்படி ஏதாவது சாப்பிட்டால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சில மாத்திரைகளால் ரத்தக்கசிவு கொஞ்சம் கூடலாம்; டிராமடால் போன்ற வலி மருந்தோடும் சில ஒத்துப்போகாது. அதற்காக நீங்களாக நிறுத்தியும் விடாதீர்கள்.

மதிப்பெண் கூடினால் ஆபரேஷன் ரத்தாகிவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. பொதுவாக ஆகாது. அவசரமில்லை என்றால் சில வாரம் தள்ளிவைத்து, கவுன்சலிங்கோ மருந்தோ தொடங்கலாம். கால் பலமிழந்தாலோ சிறுநீர் போவதே தெரியாமல் போனாலோ எந்தத் தாளுக்கும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், உங்கள் கை நின்ற அந்தக் கடைசிக் கேள்வி. பிஹெச்க்யூ-9 என்றால், செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்பதுதான் அது. ஒருமுறையாவது தோன்றியிருந்தால் ஆபரேஷன் தேதிவரை பொறுக்க வேண்டாம். வீட்டில் ஒருவரிடமும் டாக்டரிடமும் இன்றைக்கே சொல்லுங்கள்.