தூங்குவதாகச் சொல்லச் சொன்னேன்

கேள்வி: எனக்கு வயது 44. குத்தாலம் பக்கத்தில் கிராமம். மூன்றரை ஏக்கர் நெல் சாகுபடி. ஆனி மாதத் தொடக்கத்தில் ஆடுதுறையிலிருந்து உர மூட்டையோடு வரும்போது பைக் சறுக்கித் தொடை எலும்பு முறிந்தது. கம்பி வைத்தார்கள். சீழ் பிடித்ததால் ஆவணியில் மறுபடி ஆபரேஷன். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஊரில் அம்மா இறந்துபோனார். ஒரே பிள்ளை நான், கொள்ளி வைக்க முடியவில்லை. 13 வயது மகன்தான் வைத்தான். நடவிலிருந்து கொள்முதல் நிலையம் வரை குறுவை வேலை முழுவதையும் என் நண்பர்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டார்கள். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டாள். இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறேன். ஆனால் நண்பர்கள் முகத்தில் விழிக்க முடியவில்லை. தீபாவளியன்று பலகாரத்தோடு வந்தார்கள். நான் தூங்குவதாகச் சொல்லச் சொன்னேன். இந்தக் கடனை எப்படி அடைப்பேன்? அம்மாவை நினைத்தால் அழுகைகூட வரவில்லை. இனி யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று மட்டும் தோன்றுகிறது.

— பெயர் வேண்டாம், மயிலாடுதுறை மாவட்டம்

பதில்: அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பாரமாக இருக்கக் கூடாது என்கிறீர்களே, சீக்கிரம் நடந்து வேலைக்குத் திரும்ப வேண்டும் என்ற அர்த்தத்திலா? இல்லை, இருந்து என்ன பயன் என்ற அர்த்தத்திலா? இரண்டாவது எண்ணம் ஒரு ராத்திரி வந்து போயிருந்தாலும் அதை மறைக்காதீர்கள். இன்றைக்கே மனைவியிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அரசு நடத்தும் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். தூக்கமும் பசியும் 2 வாரத்துக்கு மேலாகச் சரியில்லை என்றாலும் டாக்டரிடம் போங்கள். கால் உடைந்ததற்குப் போன மாதிரியே இதற்கும் போகலாம்.

இனி நண்பர்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதம் நீளமானது, இடம் கருதிச் சுருக்கிப் போட்டிருக்கிறோம். அதில் விட்டுப்போன ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. அறுப்பு முடிந்ததும் ஒரு நண்பர் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார் என்று எழுதியிருந்தீர்கள். உழவு, நடவு ஆள் கூலி, யூரியா, பொட்டாஷ், அறுப்பு மெஷின் வாடகை, சாக்கு, சணல் வரைக்கும் ரூபாய் ரூபாயாக எழுதியிருந்தாராம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று நெல்லை எடுக்கவில்லை. மழை வேறு. அவர் படுதாவை இழுத்து மூடி, நெல் குவியல் பக்கத்திலேயே ராத்திரியில் படுத்துக் கிடந்து, வெயில் வந்ததும் கிளறிக் காயவைத்து, பிறகு எடை போட்டிருக்கிறார். நோட்டில் அந்த ராத்திரிகளுக்கு ஒரு வரிகூட இல்லை. "அவன் கூலியை மட்டும் எழுதவில்லை, அதுதான் என்னைக் கொல்கிறது" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

தம்பி, அவர் மறந்துபோய் எழுதாமல் விட்டிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? சணலுக்குக் கணக்கு எழுதியவருக்கு இது மட்டும் மறக்குமா? எது திருப்பித் தர வேண்டியது, எது தர வேண்டாதது என்று கோடு போட்டுத்தான் உங்கள் கையில் கொடுத்திருக்கிறார். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து நடக்குமே, அங்கே வாங்கிய மொய்யைக் கூடுதலாகத் திருப்பிச் செய்தால்தான் மரியாதை. அது வழக்கமாகவே அப்படி ஏற்பட்டது. உங்கள் நண்பர் செய்தது மொய் இல்லை. மொய் போலத் திருப்பிக் கொடுக்கப் போனால் அவர் மனம் நோகும்.

ஆனால் நோட்டில் இருக்கிற பணம் வேறு. அதில் அவர்கள் கையிலிருந்து போட்டது எவ்வளவு என்று நேராகக் கேட்டு, நெல் பணத்திலிருந்து கொடுத்துவிடுங்கள். "இருக்கட்டும்டா, அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். விடாதீர்கள். அவர்களும் சம்பா போட்டிருப்பவர்கள், அவர்களுக்கும் உரக்கடை பாக்கி இருக்கும். பணத்தை முடித்துவிட்டால் உங்கள் மனதில் பாதிப் பாரம் இறங்கும்.

மீதிப் பாதி பணத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நாலு பேரும் சின்ன வயதிலிருந்து உங்கள் வீட்டுத் திண்ணையில் கிடந்தவர்கள், அம்மா கையால் பழையதும் மாவடுவும் சாப்பிட்டவர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஆவணியில் அவர்களுக்கும்தானே அம்மா போனார்? பாடை தூக்கினார்கள், உங்கள் பையன் கையைப் பிடித்துச் சுடுகாடு வரை கூட்டிப்போனார்கள், மறுநாள் வந்து உங்கள் வயலுக்குத் தண்ணீர் கட்டினார்கள். அழ நேரம் அவர்களுக்கு எங்கே இருந்தது? துக்க வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் பலகாரத்தோடு வந்திருக்கிறார்கள். அந்த வீட்டில் அம்மா இல்லாத முதல் தீபாவளி அவர்களுக்கும் அதுதான். நீங்கள் அறைக்குள்ளேயே இருந்துவிட்டதால், அவரைப் பற்றிப் பேச அவர்களுக்கு ஓர் இடம் இல்லாமல் போய்விட்டது. நன்றி சொல்ல வேண்டுமே என்று நீங்கள் தவித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர்களுக்கு வேண்டியது உங்கள் பக்கத்தில் உட்காருவதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அதனால் இதைச் செய்யுங்கள். அவர்களை வரச் சொல்லி, "அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கடா" என்று கேளுங்கள். அம்மா எப்போது கண் மூடினார், யார் பக்கத்தில் இருந்தார்கள், என்ன புடவை கட்டினார்கள், யார் யார் வந்தார்கள், பையன் என்ன செய்தான், எல்லாவற்றையும் கேளுங்கள். நீங்கள் அந்த நாளைப் பார்க்கவே இல்லை. "ஆயிடுச்சுடா" என்று போனில் ஒரு வார்த்தையாகத்தான் உங்களுக்கு வந்தது. வலி மருந்தும் காய்ச்சலுமாகக் கிடந்த உடம்பு அதற்கு மேல் எதை வாங்கியிருக்கும்? அழுகை வராததால் மனம் கல்லாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். துக்கம் மாதக்கணக்கில் தள்ளிப்போய் வருவது பலருக்கும் நடப்பது. கேட்கும்போது அழுகை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

இன்னொன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நண்பர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நீங்கள், மனைவியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். படுக்கையில் மாமியார், ஆஸ்பத்திரியில் கணவன், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அந்தப் பெண் இந்த வருஷத்தை எப்படிக் கடந்தார் என்று கேட்டீர்களா? தீபாவளியன்று வாசலில் நின்று "தூங்குறாங்க" என்று பொய் சொல்லி அனுப்பியவரும் அவர்தானே. அவரிடம் முதலில் பேசுங்கள். பையனிடமும் பேசுங்கள். தன் வயதுக்கு மீறிய காரியம் ஒன்றை அவன் செய்துவிட்டு நிற்கிறான். அப்பா வாயால் அவனுக்கு ஒரு வார்த்தை வேண்டும்.

கொள்ளி வைக்க முடியவில்லை என்ற குறைக்கு உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு நாள் இருக்கிறது. மயிலாடுதுறையில் காவிரிப் படித்துறையான துலாக்கட்டத்தில் ஐப்பசி மாதம் முழுக்க முழுகுவதுதான் துலா ஸ்நானம். அதன் கடைசி நாள், ஐப்பசி கடைசி நாள், கடைமுகம். அடுத்த நாள், கார்த்திகை முதல் தேதி, முடவன் முழுக்கு. பெயர் உங்களுக்கு உறுத்தலாம், ஆனால் கதையைப் பாருங்கள். நடக்க முடியாத ஒருவர் துலா ஸ்நானத்துக்கு என்று எங்கிருந்தோ புறப்பட்டு, வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. அழுதவருக்கு, நாளைக்கு முழுகு, அதே பலன் உனக்கு உண்டு என்று சுவாமி அருளியதாக ஐதீகம். இன்றைக்கும் அந்த ஒரு நாள் ஊரே வந்து முழுகுகிறது. தாமதமாக வந்தவர்களுக்காகக் காவிரிக்கரை ஒதுக்கி வைத்த நாள் அது. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது கார்த்திகை பிறக்கச் சில நாள் இருக்கும். அந்த நாலு பேரையும் பையனையும் கூட்டிக்கொண்டு போய், அம்மாவை நினைத்து முழுகிவிட்டு வாருங்கள். தலைத்திவசத்தை ஆவணியில் நீங்களே உட்கார்ந்து செய்யலாம்.

முதலில் டாக்டரிடம் கேளுங்கள். புண் முழுக்க ஆறியிருந்தால்தான் ஆற்றுத் தண்ணீர் படலாம். கம்பி வைத்த காலோடு பாசி படிந்த படியில் இறங்கவே வேண்டாம். மேல்படியில் உட்கார்ந்தால் யாராவது ஒரு குடம் மொண்டு தலையில் ஊற்றுவார்கள், அது போதும். தொடை எலும்பு கூடுவதற்கே 4 முதல் 6 மாதம் ஆகும், சீழ் பிடித்த காலுக்கு இன்னும் கூடுதலாக ஆகலாம். முட்டி மடங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்குப் பயிற்சிதான் வழி. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள், அதில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி சொல்லித்தருகிறார்கள். மயிலாடுதுறைக்கு ஆட்டோவில் போங்கள், பைக்கின் பின்னால் ஏற வேண்டாம்.