வெள்ளத்தில் போன வவுச்சர்களும் நிறுத்தப்பட்ட மானியமும்

கேள்வி: சேரன்மகாதேவி வட்டத்தில் எங்கள் அறக்கட்டளை, அறிவுசார் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்குப் பகல்நேரச் சிறப்புப் பள்ளி நடத்துகிறது. மத்திய அரசு மானியம் ஆண்டுக்கு 14,20,000 ரூபாய். 2023-24, 2024-25 கணக்குகளைத் துறையிலிருந்து வந்து தணிக்கை செய்தார்கள். ஆறு குறிப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று, 2023 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை 4,12,000 ரூபாய்க்கு வவுச்சர் இல்லை. எல்லாம் வெள்ளத்தில் நனைந்து போயின. இரண்டு, ஆசிரியர் பணியிடம் ஒன்று காலியாக இருந்ததால் மிஞ்சிய சம்பளப் பணத்தில் 86,000 ரூபாயை, வெள்ளத்தில் மூழ்கிய பள்ளி வேனைச் சரிசெய்யச் செலவழித்தோம். மூன்று, பயன்பாட்டுச் சான்றிதழில் முழுத்தொகையும் செலவானதாகக் காட்டியிருக்கிறோம். தணிக்கையான கணக்கில் 13,34,000தான் வருகிறது. நான்கு, இரண்டு ஆண்டு வங்கி வட்டி 21,640 ரூபாயை அரசுக்குச் செலுத்தவில்லை. ஐந்து, பலசரக்கு முழுவதும் பொருளாளரின் மைத்துனர் கடையில் வாங்கியது. ஆறு, 2024 ஆனித் தேரோட்ட உள்ளூர் விடுமுறை நாளில் பிள்ளைகள் எல்லாரும் வந்ததாக வருகைப் பதிவேடு சொல்கிறது. சொத்துப் பதிவேடும் இல்லை. முப்பது நாளில் பதில் கேட்டிருக்கிறார்கள், அடுத்த தவணை நிற்கிறது. வவுச்சர்களைப் புதிதாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் ஆடிட்டரே பதில் எழுதிக்கொள்வார் என்று விட்டுவிடலாமா?

பதில்: வவுச்சர்களைப் புதிதாக எழுதாதீர்கள். முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். உங்களிடம் இப்போது இருப்பது ஆவணம் இல்லாத குறை. அதற்குக் காரணம் ஊரறிந்த வெள்ளம். பழைய தேதி போட்டு ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் நூறு வவுச்சர் எழுதி வைத்தால் அது பொய் ஆவணம். தணிக்கைக்கு வருகிறவர்கள் காகிதத்தின் பழுப்பையும் மையின் நிறத்தையும் பார்த்தே பழகியவர்கள். ஒரு வவுச்சர் புதியது என்று தெரிந்துவிட்டால், மீதி எல்லா உண்மையான செலவுகளும் சந்தேகத்துக்குள் போய்விடும். இத்தனை வருடம் நேர்மையாகப் பள்ளி நடத்தியதும் அதோடு சேர்ந்து போகும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையும் தாமிரபரணி வெள்ளமும் நீங்கள் நிரூபிக்க வேண்டிய செய்தி அல்ல. நெல்லை சந்திப்புப் பகுதியே தண்ணீரில் நின்றது. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. ஆனால் அந்த வெள்ளம் உங்கள் அலுவலக அறைக்குள் வந்தது, இந்த அலமாரியை நனைத்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் பாதிப்புச் சான்று கேளுங்கள். அந்த வாரத்தில் யாராவது கைப்பேசியில் எடுத்த படங்களைத் தேடுங்கள். ஆசிரியர்களின் வாட்ஸப்பில் கட்டாயம் கிடக்கும். நனைந்த கட்டுகளை இன்னும் வைத்திருந்தால், எவ்வளவு நாறினாலும் தூக்கிப் போடாதீர்கள். ஒட்டிப்போன தாள்கட்டைத் தணிக்கையாளர் தன் கண்ணால் பார்ப்பதற்கு இணையான சான்று வேறில்லை. அப்போதே நிர்வாகக் குழுவில் இதைத் தீர்மானமாகப் பதிந்திருந்தால் நல்லது. பதியவில்லையென்றால் இப்போது குழுவைக் கூட்டி, இன்றைய தேதியிலேயே பதியுங்கள். மினிட் புத்தகத்தில் பழைய பக்கத்தில் இடம் தேடக் கூடாது.

அடுத்தது, போன செலவை வேறு வழியில் நிறுவுவது. 4,12,000-இல் பெரும்பகுதி சம்பளமும் கட்டட வாடகையுமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவை வங்கி வழி போயிருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. வங்கி அறிக்கை, பி.எஃப்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் நிதி மேலாண்மைத் தளத்தில் பணம் அனுப்பிய பதிவு, சம்பளம் வாங்கிய ஆசிரியரின் பாஸ்புக் நகல், அவர் இன்றைய தேதியிட்டுத் தரும் உறுதிக் கடிதம் ஆகியவற்றை மாதவாரியாக ஒன்றாகக் கட்டுங்கள். கடைகளில் வாங்கியவற்றுக்கு டூப்ளிகேட் பில் கேளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகர் தன் கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24 பில்களுக்கு அந்தக் கணக்கு 2030 டிசம்பர் வரை போகிறது. ஆகவே கடைக்கார அண்ணாச்சியிடம் கேட்க நீங்கள் தயங்க வேண்டாம், அவரும் ‘பழைய கணக்கு இல்லை’ என்று சொல்ல முடியாது. பில்லில் ‘நகல்’ என்று அச்சாகியிருக்கட்டும். அதுதான் நமக்கு வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சில ஆயிரம் ரூபாய் ரொக்கச் செலவு ஒட்டாமல் நிற்கும். காய்கறி, ஆட்டோ, சில்லறை வேலைக்கூலி மாதிரியானவை. அவற்றைக் கடைசி ரூபாய் வரை தனிப் பட்டியலாகப் போட்டு, ‘இவற்றுக்குச் சான்று தர இயலவில்லை’ என்று எழுதுங்கள். ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம், மறுத்தால் கட்டிவிடலாம். 4,12,000 ரூபாய்க் கேள்வி முப்பது நாற்பதாயிரமாகச் சுருங்கிவிட்டாலே, எதிரில் இருக்கிறவர் உங்களைப் பார்க்கும் பார்வை மாறும். இனிமேல் ரொக்கத்தைக் குறையுங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கிலும் அது அறப்பணிச் செலவாகக் கழியாது.

வேன் விஷயத்தில் உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. வேன் ஓடாவிட்டால் பிள்ளைகள் வீட்டிலேயே கிடப்பார்கள். ஒரு மாதம் பயிற்சி நின்றால், கற்றுக்கொண்டதில் எவ்வளவோ பின்னால் போய்விடும். ஆனாலும் சம்பளத் தலைப்பில் வந்த பணத்தை அனுமதி கேட்காமல் வேறு தலைப்புக்கு எடுத்தது தவறுதான். காலிப் பணியிடத்தின் சம்பளம் உங்கள் மிச்சம் அல்ல, செலவாகாத மானியம். ஏற்கனவே செய்துவிட்ட செலவுக்குப் பின்னேற்பு அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள்; வெள்ளம், பழுதுபார்ப்பு பில், எத்தனை பிள்ளைகள் அந்த வேனை நம்பி இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வரட்டும். கிடைக்காது என்று வைத்துக்கொண்டு பணத்தையும் இப்போதே திரட்டத் தொடங்குங்கள். திருப்பிக் கட்டும் 86,000 உங்கள் நன்கொடைக் கணக்கிலிருந்து போக வேண்டும், இந்த ஆண்டு மானியத்திலிருந்து அல்ல. இன்னொன்றையும் பாருங்கள்: வேனுக்கு முழுக் காப்பீடு இருந்து, வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு வந்ததா? வந்திருந்தால் ஒரே பழுதை இரண்டு பணத்தில் காட்டியதாக ஆகிவிடும். அப்படியென்றால் அனுமதிக் கடிதம் வேண்டாம், நேராகக் கட்டிவிடுங்கள்.

இப்போது மூன்றாவது குறிப்பை மறுபடி படியுங்கள். 14,20,000-க்கும் 13,34,000-க்கும் இடையிலுள்ள வித்தியாசம் 86,000. அதே வேன் பணம்தான். அங்கீகரித்த தலைப்பில் சேராததால் உங்கள் ஆடிட்டர் அதைக் கணக்கில் தனியாக வைத்திருக்கிறார்; நீங்கள் பயன்பாட்டுச் சான்றிதழில் மொத்தமாகச் சேர்த்துவிட்டீர்கள். என் பார்வையில் ஆறு குறிப்புகளிலும் கனமானது இதுதான். காரணம், மற்றவை கணக்கில் உள்ள குறைகள். இது நீங்கள் கையெழுத்திட்டு அரசுக்குச் சொன்ன சொல். மத்திய அரசுப் பணத்துக்கான பொது நிதி விதிகள் (ஜி.எஃப்.ஆர்.) 2017-இல் வரும் 12-ஏ படிவத்தைப் பாருங்கள். ஆரம்ப இருப்பு, வட்டி, திருப்பிக் கட்டிய வட்டி, வந்த மானியம், செலவு, மீதி என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம் உண்டு. சம்பளம், பொதுச் செலவு, மூலதனச் சொத்து என்று பிரித்தும் கேட்பார்கள். திருத்திய சான்றிதழை அதே படிவத்தில், தணிக்கையான கணக்கோடு ரூபாய்க்கு ரூபாய் பொருந்தும்படி தயாரித்து, ஆடிட்டர் தாம் சான்றளிக்கும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் பெறும் யூ.டி.ஐ.என். அடையாள எண்ணுடன் பதிலோடு இணையுங்கள். முதல் சான்றிதழில் எங்கே பிழை நேர்ந்தது என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். தவணை நிற்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: தொடர் மானியத்தில் அடுத்த ஆண்டுத் தொகையை விடுவிக்க முந்தைய ஆண்டின் சான்றிதழ் வேண்டும், 75 விழுக்காட்டுக்கு மேல் விடுவிக்கச் சான்றிதழும் தணிக்கை அறிக்கையும் அமைச்சகத்துக்குத் திருப்தியாக இருக்க வேண்டும் என்பது விதி.

வட்டியைத் தாமதிக்காமல் மத்திய அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் இணையத்தளத்தில் செலுத்தி, சலானை இணையுங்கள். கணக்கு முடிந்ததும் வட்டியை இந்தியத் தொகுப்பு நிதியில், அதாவது மத்திய அரசின் கருவூலக் கணக்கில், கட்டாயம் சேர்க்க வேண்டும், அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளச் சொல்ல முடியாது என்று அதே பொது நிதி விதிகளின் விதி 230 தெளிவாகச் சொல்கிறது. ஒரு விலக்கு உண்டு. நீங்கள் கைப்பணம் போட்டு முன்கூட்டியே செலவழித்து, மானியம் பிறகு ஈடாக வந்திருந்தால் அந்தப் பகுதிக்கு இது பொருந்தாது. தவணை தாமதமாக வருவது வழக்கம் என்பதால் மானியத்துக்கான அனுமதி ஆணையை எடுத்து, எந்தத் தவணை முன்பணம், எது ஈட்டுப்பணம் என்று பாருங்கள். 21,640-இல் ஒரு பகுதி குறையலாம். குறையும் என்று காட்ட முடியாவிட்டால் முழுதும் கட்டுங்கள்; இதில் வாதாட ஒன்றுமில்லை.

மைத்துனர் கடையில் வாங்கியது தானாகவே குற்றமாகிவிடாது. சிற்றூரில் கடனுக்குச் சரக்குத் தருகிற கடை ஒன்றிரண்டுதான் இருக்கும், அது சொந்தக்காரர் கடையாகவும் இருக்கும். கேள்வி, விலை அதிகமா என்பதும், முடிவெடுத்த இடத்தில் பொருளாளர் உட்கார்ந்திருந்தாரா என்பதும்தான். அதே மாதங்களில் வேறு கடைகளில் அரிசி, பருப்பு, எண்ணெய் என்ன விலை என்பதற்கு வேறு யாருடைய பில்லாவது கிடைக்கும். பக்கத்து விடுதி, கோயில் அன்னதானம், யாரிடமாவது கேளுங்கள். ஒப்பிட்டு ஒரு பட்டியல் போடுங்கள். அதிகமாகக் கொடுத்திருந்தால் அந்த வித்தியாசத்தைக் கடைக்காரரே திருப்பித் தரட்டும். இனி மூன்று கொட்டேஷன் வாங்குங்கள், பொருளாளர் அந்தக் கூட்டத்திலிருந்து விலகியதை மினிட்டில் எழுதுங்கள். அறங்காவலரின் உறவினருக்கு ஆதாயம் போவதை வருமான வரிச் சட்டமும் பார்க்கும் என்பதால் இதை அலட்சியமாக விடக் கூடாது.

தேரோட்ட நாள் வருகை பற்றி உங்கள் ஆசிரியரிடம் உட்கார்ந்து பேசுங்கள். நெல்லையப்பர் தேர் ஓடும் அன்று மாவட்டத்துக்கே விடுமுறை. அன்றும் பிள்ளைகள் வந்திருந்தால் வேன் ஓட்டுநரின் குறிப்பேடு, மதிய உணவுப் பதிவு, ஒரு படம் ஏதாவது இருக்கும். இல்லையென்றால் மாதக் கடைசியில் மொத்தமாகக் குறியிட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்படி நடந்திருந்தால் ஒப்புக்கொண்டு, அன்றைய உணவுச் செலவைக் கணக்கிட்டுக் கட்டுங்கள். பதிவேட்டில் இப்போது எதையும் அடிக்கவோ திருத்தவோ வேண்டாம். விளக்கம் பதிலில் வரட்டும். அந்த ஒரு நாள் உணவுச் செலவு சிறுதொகைதான். ஆனால் வருகைப் பதிவேட்டை நம்பித்தான் மானியமே கணக்காகிறது. நாளை முதல் காலையில், பிள்ளை உள்ளே வந்ததும் குறியிடும் பழக்கம் வர வேண்டும்.

சொத்துப் பதிவேடு ஒரு வாரத்து வேலை. ஜி.எஃப்.ஆர். 22 படிவத்தில் மானியத்தில் வாங்கிய ஒவ்வொரு நாற்காலியையும் எழுதி, பொருளின் மேல் எண்ணைப் பெயின்டால் போடுங்கள். மானியச் சொத்தை அனுமதியின்றி விற்கவோ அடகு வைக்கவோ கூடாது.

இனி பதிலின் வடிவம். ஒவ்வொரு குறிப்பையும் அவர்கள் எழுதியபடியே மேலே எழுதி, கீழே ஏற்கிறோம், ஏற்கவில்லை, இந்த அளவு மட்டும் ஏற்கிறோம் என்று ஒரே சொல்லில் நிலையைச் சொல்லிவிட்டு, பிறகு விளக்கமும் இணைப்புப் பக்க எண்ணும் கொடுங்கள். ‘இனிமேல் கவனமாக இருப்போம்’ என்ற வரியை மட்டும் எழுதினால் அந்தப் பாரா, அதாவது தணிக்கைக் குறிப்பு, அப்படியே நிற்கும். என்ன செய்தோம், எந்தத் தேதியில் செய்தோம் என்று எழுதினால்தான் அதைக் கைவிடுவார்கள். முப்பது நாள் போதாது என்று தோன்றினால், நாள் முடிவதற்கு முன்பே எழுத்தில் கால நீட்டிப்புக் கேளுங்கள். வட்டி சலான் போல முடிந்தவற்றை அந்தக் கடிதத்தோடே கொடுத்துவிடுங்கள். ஒரு நகலை ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் நேரில் கொடுத்து, முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். அவரைச் சந்திக்கத் தயங்காதீர்கள். மானியம் முறையாகச் செலவானதா என்று பார்க்கும் பொறுப்பு துறைக்கும் உண்டு. உங்கள் பாரா தீர்ந்தால் அவர்களுக்கும் நிம்மதி.

ஆடிட்டர் பார்த்துக்கொள்வாரா என்ற கேள்விக்கு வருகிறேன். அவர் எண்களைச் சரிபார்ப்பார், திருத்திய சான்றிதழுக்கு உதவுவார். ஆனால் பள்ளியில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. அதோடு, மானியம் வாங்கும்போது நீங்கள் எழுதிக் கொடுத்த பத்திரத்தைக் கோப்பிலிருந்து எடுத்துப் படியுங்கள். நிபந்தனை மீறினால் தொகையை ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியுடன் திருப்பிக் கட்டும் பொறுப்பு, அதில் கையெழுத்திட்டவர்களுக்குக் கூட்டாகவும் தனித்தனியாகவும் வரும் என்று அதில் இருக்கும். கையெழுத்து உங்களுடையது, பதிலும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். பொருளாளரையும் தலைமை ஆசிரியரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே எழுதி, ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு அனுப்புங்கள்.

பதில் அனுப்பிய பிறகு, எந்தெந்தப் பாராக்கள் தீர்ந்தன என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி, அனுமதி ஆணை இருக்கும் அதே கோப்பில் வையுங்கள். தவணைக்கான நினைவூட்டல் கடிதத்தில் அந்தக் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் குறிப்பிடுங்கள்.