மகள் பயிற்சிக்குப் போகும் வார்டு

அம்மா,

கவுன்சலிங் படிக்கும் உங்கள் மகள், பள்ளி, கல்லூரி என்று பயிற்சிக்கு இடம் தேடாமல், புற்றுநோயாளிகளோடு வேலை செய்யும் அமைப்புக்குத் தன்னார்வலராகப் போகிறேன் என்கிறாள். சம்பளமும் கிடையாது. “சின்னப் பெண், வாராவாரம் சாவைப் பார்த்துவிட்டு வந்தால் என்ன ஆவாள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நான் பார்த்தவரை, மாணவர்கள் உடைந்துபோனதெல்லாம் பார்த்ததைச் சொல்ல ஆள் இல்லாத இடங்களில்தான்.

அதனால் சம்பளத்தைப் பற்றிக் கேட்கும் முன் சூப்பர்விஷனைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். அனுபவமுள்ள ஓர் ஆலோசகர் மாணவியோடு உட்கார்ந்து ஒவ்வொரு கேஸாக எடுப்பார். நீ என்ன சொன்னாய், ஏன் சொன்னாய், சொல்லும்போது உனக்குள் என்ன நடந்தது என்று கேட்பார். வெளியே காசு கொடுத்து இதைப் பெறுவது செலவு பிடிக்கும். அமைப்பே இலவசமாகத் தந்தால் அதையே சம்பளமாக எடுத்துக்கொள்ளலாம். எத்தனை மணி நேர வேலைக்கு எவ்வளவு சூப்பர்விஷன், தனியாகவா குழுவாகவா, அவசரமென்றால் அன்றைக்கே யாரைக் கூப்பிடலாம் என்ற மூன்றுக்கும் நேரான பதில் வர வேண்டும். “இங்கே எல்லாரும் குடும்பம் மாதிரி, எப்ப வேணும்னாலும் பேசலாம்” என்றால் அது பதிலே இல்லை. என்னிடம் வழி கேட்டுப் போன ஒரு பையனுக்கு அப்படியோர் இடத்தில் முதல் வாரமே ஆறு பேரை ஒப்படைத்தார்கள். இரண்டு பேர் அடுத்தடுத்து இறந்தார்கள். அவன் பேசப் போனபோது அந்தக் ‘குடும்பத்தில்’ யாருக்கும் நேரமில்லை. இரண்டு மாதத்தில் படிப்பையே விட்டுவிட்டான். விசாரிக்காமல் அனுப்பியது என் தப்பு. அதிலிருந்து இந்தக் கேள்விகளை நான் விடுவதில்லை.

அப்புறம் மணிக்கணக்கு. பல படிப்புகளில் 100 மணி நேரமாவது நேரடியாக ஆலோசனை கொடுத்திருக்க வேண்டும். வாரம் மூன்று பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம் என்றால் 34 வாரம் என்று உங்கள் மகள் கணக்குப் போட்டிருப்பாள். தீவிர நோயில் அந்தக் கணக்கு நிற்காது. கீமோதெரபி முடிந்த வாரம் சிலருக்கு எழுந்திருக்கவே முடியாது, ரத்த வெள்ளை அணுக்கள் குறைந்தால் தொற்றுக்குப் பயந்து வெளியே வருவதைத் தவிர்க்கச் சொல்வார்கள், திடீரென்று அட்மிட் ஆவார்கள். ஆள் வராத நேரம் பொதுவாக மணிக்கணக்கில் சேராது. ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசியது சேருமா, படுக்கையருகே இருபது நிமிடம் மட்டும் பேசியது சேருமா என்று கல்லூரியில் இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

அந்த இருபது நிமிடம் எப்படி இருக்கும்? வகுப்பில் ஐம்பது நிமிடம், மூடிய கதவு, எதிரெதிரே இரண்டு நாற்காலி என்று பழக்குவார்கள். வார்டில் கதவுக்குப் பதில் திரைச்சீலை. டிரிப் பம்ப் கத்தும், நடுவில் நர்ஸ் வந்து பிரஷர் பார்ப்பார். ஒரு மாணவி முதல் நாள் என்னென்னவோ தயார் செய்துகொண்டு போனாள். நோயாளி தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் பக்கத்தில் வைக்கச் சொன்னார், இரண்டு வார்த்தை பேசினார், தூங்கிவிட்டார். இவள் எழுந்து போகலாமா என்று தெரியாமல் கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண் விழித்தவர் கேட்டது, “நீ இன்னும் போகலையா?” அடுத்த வாரம்தான் தன் மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பாடத்தில் இதற்கு அத்தியாயம் கிடையாது.

பாடத்தில் இருப்பதும் சில சமயம் குறுக்கே நிற்கும். சாவை எதிர்கொள்பவர்களின் மனநிலையைப் பற்றி மனநல மருத்துவர் எலிசபெத் குப்ளர் ராஸ் 1969இல் சொன்ன மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளை மாணவர்கள் படிக்கட்டுபோல மனப்பாடம் செய்து வருகிறார்கள். மனிதர்கள் அந்த வரிசையில் நடப்பதில்லை. 1967இல் லண்டனில், இறுதிக் காலத்தில் இருப்பவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸின் ‘முழு வலி’ என்ற கருத்து வார்டில் அதிகம் கைகொடுக்கும். உடல் வலியோடு மனம், உறவு, ஆன்மிகம் எல்லாம் சேர்ந்துதான் ஒருவரின் வலி என்றார் அவர். நர்ஸாகவும் மருத்துவ சமூகப் பணியாளராகவும் இருந்துவிட்டு டாக்டரானவர், படுக்கையருகே நின்று பார்த்துச் சொன்னது. எதிரே இருப்பவர் எப்போதும் நோயாளியாகத்தான் இருப்பார் என்றும் இல்லை. கவனித்துக் களைத்த மனைவி, “அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க” என்று கையைப் பிடிக்கும் மகன், எல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து வருகிறவர் என்று பலர் வருவார்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. அவளுடைய தாத்தா எட்டு மாதம் முன்பு இதே நோயில் போனார் என்று. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. சமீபத்தில் நெருங்கியவரை இழந்தவர்களைக் கொஞ்ச காலம் பொறுத்து வரச் சொல்லும் அமைப்புகள் பல உண்டு. நேர்முகத்தில் நேராகவே கேட்பார்கள். மறைக்க வேண்டாம். அவளை வளர்த்த தாத்தாவா, ஆண்டுக்கொரு முறை பார்த்த தாத்தாவா, அவள் அழுது முடித்துவிட்டாளா, இல்லை அழாமலிருக்கத்தான் இந்த இடத்துக்குப் போகிறாளா என்பதெல்லாம் அவள் சொல்ல வேண்டியது. தயக்கம் இருந்தால் ஆறு மாதம் வேறிடத்தில் பயிற்சி எடுத்துவிட்டுப் போகட்டும். இடம் எங்கும் ஓடிவிடாது.

மற்றவை சின்ன விஷயங்கள். தடுப்பூசிச் சான்று, காவல்துறைச் சரிபார்ப்பு கேட்கலாம். சளி, காய்ச்சல் என்றால் அன்று போகக் கூடாது. மணிக்கணக்கு ஏட்டில் மாதாமாதம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். கடைசியில் சேர்த்து வாங்கப் போனால் கையெழுத்துப் போட வேண்டியவர் வேலை மாறியிருப்பார்.

சரி, வீட்டில் நீங்கள் என்ன செய்வது? யாரைப் பார்த்தாள், என்ன பேசினார்கள் என்று அவள் உங்களிடம் சொல்லக் கூடாது. நீங்களும் கேட்காதீர்கள். ஒருநாள் சாப்பிடாமல் போய்ப் படுத்தால், “சூப்பர்வைசர்கிட்ட பேசினியா?” என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால், போனை எடுத்துக் கையில் கொடுங்கள்.