ஷாஃப்ட்டில் காந்தம் இறங்கவில்லை: மேசை டீமேக்னடைசர் வாங்கலாமா?

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில் சொந்தமாக லேத் பட்டறை. 60 மி.மீ. விட்டம், 400 மி.மீ. நீள ஷாஃப்ட்டுகளை, காந்தம் ஏற்றி விரிசல் பார்க்கும் எம்.பி.ஐ. சோதனைக்குக் கோவைக்கு அனுப்புகிறேன். திரும்பி வந்தால் இரும்புத்தூள் ஒட்டுகிறது. பேரிங் கெடும் என்று பார்ட்டி வாங்க மறுக்கிறார். மேசை மேல் வைக்கும் டீமேக்னடைசர் (காந்தம் இறக்கும் கருவி) கோவையில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அது ட்ரில் பிட், பஞ்ச், மெல்லிய தகடு ஆகியவற்றுக்கு. உங்கள் ஷாஃப்ட்டுக்கு நடுவில் நுழைத்து எடுக்கும் காயில் (கம்பிச்சுருள்) வகைதான் சரி. ஆனால் முதலில் சோதனைக் கூடத்தில் கேளுங்கள்: காந்தம் ஏற்றியது ஏ.சி. கரண்டிலா, டி.சி. கரண்டிலா? ஏ.சி. என்றால் காந்தம் மேற்பரப்போடு நிற்கும். 50 ஹெர்ட்ஸ் காயிலே இறக்கிவிடும். டி.சி. என்றால் ஆழம் வரை ஏறியிருக்கும், அந்தக் காயில் அங்கே எட்டாது. திசையை மாற்றி மாற்றிப் படிப்படியாகக் குறைக்கும் டி.சி. மெஷின் வேண்டும். அதை நீங்கள் வாங்குவது வீண் செலவு. ஜாப் ஆர்டரிலேயே ‘டீமேக் செய்து, மீதக் காந்தம் 3 காஸுக்கு மிகாமல்’ என்று எழுதிக் கொடுங்கள் (காஸ் என்பது காந்தப்புலத்தின் அலகு). இந்தச் சோதனைக்கான அமெரிக்கத் தர விதி ஏ.எஸ்.டி.எம். இ1444 தரும் வரம்பும் அதுதான்.

இன்னொரு வம்பும் உண்டு. இரு முனையிலும் கரண்ட் கொடுத்துச் சோதித்தால் காந்தம் ஷாஃப்ட்டுக்குள்ளேயே வட்டமாகச் சுற்றும். காஸ் மீட்டர் பூஜ்யம் காட்டும். பிறகு நீங்கள் கீ-வே (சாவி உட்காரும் பள்ளம்) வெட்டியதும் வெளியே தலைகாட்டும். அதனால் கடைசியில் நீளவாக்கில் காந்தம் ஏற்றி, அதை இறக்கித் தரச் சொல்லுங்கள்.

ஏ.சி. சோதனைதான் என்றால் காயில் வாங்கலாம். உங்களிடமுள்ள பெரிய ஷாஃப்ட்டைக் கடைக்கே கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். காயில் ஓடும்போதே மெதுவாக நுழைத்து, நேராக 1.5 மீட்டர் வெளியே இழுத்த பிறகே சுவிட்சை அணைக்க வேண்டும். உள்ளே இருக்கும்போது அணைத்தால் அந்த நொடியின் காந்தம் அப்படியே தங்கிவிடும்; ‘மெஷின் சரியில்லை’ என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம். கட்டுக்கட்டாக நுழைக்காதீர்கள், வெளியே உள்ளவை நடுவில் உள்ளதை மறைத்துவிடும். காயிலைக் கிழக்கு-மேற்காக வையுங்கள், பூமியின் காந்தம் குறுக்கே வராது. பிறகு காஸ் மீட்டரை முனைகளிலும் கீ-வே ஓரத்திலும் வைத்துப் பாருங்கள்; குண்டூசி ஒட்டுகிறதா என்று பார்ப்பது அளவாகாது.

வேறு மாநிலத்தில் வாங்குவதால் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. வரும். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் உங்கள் எண்ணைப் போட்டு வாங்குங்கள், கிரெடிட் கிடைக்கும். பிரச்சினை வந்தால், சுயதொழிலாகப் பிழைப்புக்காக நடத்தும் பட்டறை என்பதால் 2019 நுகர்வோர் சட்டப்படி பாலக்காட்டிலேயே வழக்குப் போடலாம். விற்றவர் கோவைக்காரர் என்பது தடையில்லை.