விலை அதிகம் என்று தெரிந்தும் மின்சார கார் ஏன் வாங்குகிறார்கள்?

பெட்ரோல் எஞ்சினுக்குப் பதில் பேட்டரியும் மோட்டாரும் ஓட்டுகிற வண்டிதான் மின்சார கார். வாங்க முக்கியக் காரணம் ஓட்டும் செலவு.

விறகடுப்பில் பெரும்பகுதிச் சூடு பாத்திரத்தைத் தாண்டிக் காற்றில் போய்விடும் இல்லையா? பெட்ரோல் எஞ்சினும் அப்படித்தான். எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய 70 சதவீதம் வெப்பமாகவே வீணாகிறது. மோட்டாரில் வீணாவது கொஞ்சம்தான்.

மாதம் 1,000 கி.மீ. ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் காருக்குச் சுமார் 67 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றால் 6,700 ரூபாய். யூனிட்டுக்கு 7 கி.மீ. ஓடும் மின்சார காருக்கு, சார்ஜ் ஏறும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து 160 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் அடுக்கு முறை என்பதால், இந்த யூனிட்கள் மேல் அடுக்கில்தான் போய் விழும். 10 ரூபாய் வைத்தாலும் 1,600தான். வெளியே ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பினால் இது இரட்டிப்பாகலாம். சொந்தமாக பார்க்கிங்கும் எர்த் சரியாக உள்ள 15 ஆம்பியர் பிளக்கும் இல்லாதவர்கள் யோசித்து வாங்குவது நல்லது. மாதம் 400 கி.மீ.கூட ஓட்டாதவர்களுக்குக் கூடுதல் விலை சீக்கிரம் திரும்பாது.

எஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக், கிளட்ச் எதுவும் கிடையாது. வேகம் குறையும்போது மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிப்பதால் பிரேக் பேடும் நாள்பட உழைக்கும். டயர் மட்டும், வண்டி கனம் என்பதால், சற்று முன்னதாகத் தேயும்.

எட்டு வருட வாரண்டி முடிந்ததும் பேட்டரி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கொள்ளளவு மெல்ல மெல்லத்தான் குறையும், திடீரென்று நின்றுவிடாது.