கனடாவில் இருந்து வந்த சிவப்பு லைற் மாஸ்க்: பருவுக்குப் போடலாமா?

கேள்வி: எனக்கு 33 வயது. ரெண்டு பிள்ளையள். இருக்கிறது விசுவமடுவில, வேலை கிளிநொச்சி ரவுணில. ஒவ்வொரு நாளும் ஸ்கூட்டியில போய் வாறன். பள்ளிக்கூடம் படிக்கேக்க கூட எனக்கு இப்பிடிப் பரு வந்ததில்லை. இப்ப ஒண்டரை வருசமா தாடைக்கரையிலயும் கழுத்திலயும் உள்ளுக்குள்ள நோகிற மாதிரி வருது. வந்து போற இடமெல்லாம் கறுத்துக் கிடக்கு. கனடாவில இருக்கிற அக்கா சிவப்பு லைற் அடிக்கிற மாஸ்க் ஒண்டு அனுப்பியிருக்கிறா. அதில ஏழு கலர் இருக்கு. கூட வேலை செய்யிற பிள்ளை ஒருத்தி சொன்ன நைற் கிறீமும் பூசுறன். மாஸ்க்கைப் பாவிக்கலாமோ? எங்கட நிறத்துக்கு அது கூடுமோ?

பதில்: பாவிக்கலாம், தங்கச்சி. ஏழு கலரில் சிவப்பை மட்டும், கண்ணை மறைத்துக்கொண்டு, ஒரு தடவைக்குப் பத்து நிமிடம். ஆனால் அந்த நைற் கிறீம் என்னவென்று தெரியும்வரை தொடங்க வேண்டாம். நீங்கள் எழுதியதில் மாஸ்க்கைவிட எனக்குக் கூடக் கவலை தந்தது அந்தக் கிறீம்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

பரு உண்டாகிற இடம் மயிர்க்கண். அங்கே எண்ணெய் கூடச் சுரக்கிறது; இறந்த தோல் வாசலை அடைக்கிறது; உள்ளே கியூட்டிபக்டீரியம் ஆக்னிஸ் என்ற கிருமி பெருகுகிறது; உடம்பு அதோடு மல்லுக்கட்ட, அந்த இடம் வீங்கிச் சிவந்து நோகிறது. இந்த நான்கில் சிவப்பு ஒளி தொடுவது பெரும்பாலும் கடைசியை, அந்த வீக்கத்தைத்தான். 630 முதல் 660 நனோமீற்றர் வரை அலைநீளமுள்ள சிவப்பு ஒளி, நீல ஒளியைவிடத் தோலுக்குள் ஆழமாக இறங்கும். அங்கே கலங்களின் இழைமணிகளில் இருக்கும் ஒரு நொதியம் அதை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் அழற்சி தணிகிறது என்பதே இன்றைக்குச் சொல்லப்படும் விளக்கம். இது தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட விசயம். 1960களின் பிற்பகுதியில் எந்திரே மெஸ்தர் என்ற ஹங்கேரி வைத்தியர், லேசர் ஒளி பட்டால் புற்றுநோய் வருமா என்று பார்க்க எலிகளின் முதுகு மயிரை வழித்துவிட்டு மெல்லிய சிவப்பு லேசரை அடித்தார். புற்றுநோய் வரவில்லை. லேசர் பட்ட எலிகளுக்கு மற்றவற்றைவிட மயிர் வேகமாக முளைத்தது. மென்மையான ஒளிக்கும் உடம்பு பதில் சொல்லும் என்பது அப்படித்தான் தெரிய வந்தது.

இனிப் பருவுக்குப் பலன் உண்டா? 2000ஆம் ஆண்டில் பிரித்தானிய தோல் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 107 பேரைப் பல குழுக்களாகப் பிரித்தார்கள். நீலமும் சிவப்பும் கலந்த ஒளியை நாளுக்கு 15 நிமிடமாக 12 கிழமை பிடித்தவர்களுக்கு, வீங்கிச் சிவந்த பருக்கள் சராசரியாக 76 வீதம் குறைந்தன. மாஸ்க் விற்பவர்கள் அடிக்கடி காட்டுவது இந்த எண்ணைத்தான். ஆனால் அது இரண்டு நிறமும் சேர்ந்து தந்த பலன், சிவப்பு தனியே தந்ததல்ல. 2016இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் அமைப்பு 71 ஆய்வுகளை, மொத்தம் 4211 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. பெரும்பாலான ஆய்வுகள் சிறியவை, ஒன்றோடொன்று ஒப்பிட முடியாதவை, உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்றே அது முடித்தது. ஆகவே என் நிலைப்பாடு இது: இது ஒரு துணைச் சிகிச்சை. வீங்கிய பருவைக் கொஞ்சம் அடக்கலாம். கரும்புள்ளியையும் அடைபட்ட வெண்புள்ளியையும் எடுக்காது. உள்ளே ஓமோன் குழம்பியிருந்தால் அதைச் சரிசெய்யாது.

நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்டது மிக முக்கியமான கேள்வி. இந்தக் கருவிகளைப் பற்றி வரும் விளம்பரங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான். நீல ஒளி கிருமியைக் கொல்லும் என்பது உண்மை. அந்தக் கிருமி உண்டாக்கும் போபைரின் என்ற பொருள் 415 நனோமீற்றர் அளவிலான ஒளியை உறிஞ்சிக் கிருமியையே அழிக்கும். ஆனால் அதே ஒளி எங்கள் தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனினையும் தூண்டும். 2014இல் பிரான்சில் செய்த ஆய்வொன்றில் 415 நனோமீற்றர் ஒளி பட்ட இடம் கறுத்து, வாரக்கணக்கில் அப்படியே நின்றது. 630 நனோமீற்றர் சிவப்பு அப்படிக் கறுக்கப் பண்ணவில்லை. பரு போன பிறகு கறுப்பு நிற்பதுதான் உங்கள் பெரிய துக்கம் என்றால், நீலத்தையும் ஊதாவையும் தொடவே வேண்டாம். பச்சை, மஞ்சளைப் பருவுக்கு நம்பிப் பிடிக்கக் காரணம் இல்லை.

சிவப்பிலும் அளவு உண்டு. கறுத்த தோல் வெள்ளைத் தோலைவிடக் குறைந்த அளவையே தாங்கும் என்று காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன. உங்கள் மாஸ்க்கோடு வந்த தாளில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை மில்லிவாற் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 30 என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் என்றால் 600 செக்கன். 30ஐ 600ஆல் பெருக்கி ஆயிரத்தால் பிரித்தால், ஒரு சதுர சென்ரிமீற்றரில் படும் ஒளிச்சக்தி 18 யூல். முகத்துக்கு அது போதும். கூடப் பிடித்தால் கூடப் பலன் என்பது இங்கே பொருந்தாது; ஓர் அளவுக்கு மேல் போனால் பலன் குறையத் தொடங்கும். கிழமைக்கு மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். முதல் கிழமை முழு முகத்துக்கும் வேண்டாம். ஒரு காதுக்குக் கீழே தாடையில் மட்டும் படவிட்டு, கறுக்கிறதா, எரிகிறதா என்று பாருங்கள். முகம் கழுவித் துடைத்து, எண்ணெய், பவுடர் எதுவும் இல்லாமல் போடுங்கள். பங்குனி, சித்திரை வெக்கையில் மாஸ்க்குக்குள் முகம் வேர்த்து ஒழுகும். அந்த வேர்வையே மயிர்க்கண்ணை அடைக்கும். ஃபான் காற்றில் இருந்து போடுங்கள், கழற்றியதும் சிலிக்கனை ஈரத்துணியால் துடையுங்கள். மச்சாள், தங்கச்சி என்று வீட்டில் எல்லாரும் ஒரே மாஸ்க்கைப் போட வேண்டாம்.

கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், எங்களிடம் 230. யூஎஸ்பி வயரில் சார்ஜ் ஏறும் மாஸ்க் என்றால் எங்கள் போன் சார்ஜரில் குத்தலாம். நேரே சுவரில் குத்துகிறது என்றால், அடப்டரில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 120 என்று மட்டும் இருந்தால் குத்திய கையோடு எரிந்துபோகும். முகத்தில் போட்டபடி குத்தினால் ஆபத்து.

மாஸ்க் கிடைக்காதவர்களுக்கும் ஒரு சொல். சிவப்பாய் எரிவதெல்லாம் இந்தச் சிகிச்சை அல்ல. கோழிக்குஞ்சுப் பெட்டிக்குள் தொங்கவிடும் சிவப்பு பல்ப்பை மேசையில் வைத்து, இரவிரவாய் அதற்கு முன்னால் முகத்தை நீட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பி என்னிடம் வந்தான். பரு அப்படியே இருந்தது. கன்னத்தில் மீன்வலை விரித்ததுபோலப் பழுப்புக் கோடுகள் விழுந்திருந்தன, விரலால் அமத்தினாலும் மறையாத கோடுகள். அது சூடு பட்டுப் பட்டு வரும் தழும்பு. குஞ்சு பல்ப்பின் வேலை வெக்கை கொடுப்பது. மாஸ்க்கில் இருக்கும் எல்ஈடி வேறு.

கண்ணை மறைக்கச் சொன்னது சாட்டுக்கு இல்லை. 2019இல் உலகம் முழுக்க விற்ற ஒரு பரு மாஸ்க்கை, கண்ணில் ஏற்கெனவே சில நோய் உள்ளவர்களுக்கும் ஒளிக்கூச்சம் தரும் மருந்து எடுப்பவர்களுக்கும் கண் பாதிக்கலாம் என்று நிறுவனமே திருப்பி எடுத்தது. விழித்திரை நோய், லூபஸ், வலிப்பு உள்ளவர்கள், பருவுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் அல்லது ஐசோட்ரெற்றினோயின் மருந்து குடிப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் போடக்கூடாது. கன்னத்தில் மங்கு உள்ளவர்களும் தவிர்ப்பது நல்லது. மங்குக்கு வெக்கை ஆகாது.

இனிக் கிறீமுக்கு வருவோம். இப்படியான நைற் கிறீம் பலவற்றில் பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற ஸ்ரெரொயிட் கலந்திருக்கும். சிலவற்றில் பாதரசமும் இருக்கும். முதல் மூன்று கிழமை முகம் பளிச்சென்று இருக்கும், பரு அமந்துபோகும். பிறகு தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, ஒரே அளவில் செம்பருக்கள் கிளம்பும். நிறுத்தினால் எரியும், பொங்கும். அதனால் திரும்பப் பூசுவார்கள். என்ன கலந்திருக்கிறது என்று பெட்டியில் எழுதப்படாத கிறீம் எதையும் முகத்தில் வைக்காதீர்கள். மாதக்கணக்காய்ப் பூசியிருந்தால் நிறுத்தும்போது முகம் பொங்குவதற்கு வைத்தியர் மருந்து தருவார், தனியாகத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த எரிவு அடங்கும்வரை மாஸ்க் கூடாது.

ஒன்றரை வருடத்துக்கு முன் உங்களுக்கு வேறு என்ன மாறியது என்றும் யோசியுங்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் கையில் குச்சி வைத்தீர்களா, மூன்று மாத ஊசி போடத் தொடங்கினீர்களா? அவற்றில் உள்ள ஓமோன் சிலருக்குத் தாடைப் பருவைக் கிளப்பும். அப்படியென்றால் மிட்வைஃப் அக்காவிடம் சொல்லி வேறு முறையைப் பற்றிக் கதையுங்கள். மாற்று ஏற்பாடு செய்யாமல் எடுத்துவிட வேண்டாம். பீரியட் தவறித் தவறி வருகிறதா, நாடியில் தடித்த மயிர் முளைக்கிறதா? அப்படியென்றால் சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறதா என்று ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். இன்னொன்று, உங்கள் ஹெல்மெற். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் நாளுக்கு இரண்டு தடவை, அந்த நாடிப்பட்டி வேர்வையோடும் தூசியோடும் அதே தாடைக்கரையில்தானே உரசுகிறது? பட்டியை முகர்ந்து பாருங்கள், தெரியும். ஹெல்மெற்றைக் கழற்றி வைக்கச் சொல்லவில்லை. பட்டியில் பருத்தித் துணி சுற்றி, அந்தத் துணியை நாளாந்தம் கழுவுங்கள்.

பருவுக்கு நன்றாக நிரூபிக்கப்பட்ட மருந்துகள் மாஸ்க்கைவிட எவ்வளவோ மலிவு. காலையில் 2.5 வீத பென்சோயில் பெரொக்சைட். 10 வீதத்துக்குக் குறையாத பலன், எரிவு குறைவு. துணியில் பட்டால் சாயம் போகும், சட்டைக் கழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் அடபலின் 0.1 வீதம், கடலை அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லிசாய். முதல் மாதம் தோல் உரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் பூசினால் பழகும். பிள்ளைக்கு எதிர்பார்த்திருந்தால் அடபலின் வேண்டாம். அசெலெயிக் அசிட் பூசலாம், அது கறுப்பையும் மங்கச் செய்யும். மாஸ்க் போடும் இரவில் முதலில் மாஸ்க், கழுவிய பிறகு மருந்து.

கறுப்புத் தழும்புக்கு வெயிலே முதல் எதிரி. கண்ணுக்குத் தெரியும் ஒளியே எங்கள் தோலைக் கறுக்கப் பண்ணும் என்பதால், வெள்ளைச் சன்ஸ்கிறீமைவிட அயன் ஒக்சைட் கலந்த, தோல் நிறத்திலான சன்ஸ்கிறீம் நல்லது. அது கிடைக்காவிட்டால் ஹெல்மெற் கண்ணாடிக்குள்ளே முகத்தைச் சுற்றி ஒரு பருத்தித் துணி. பருவை நுள்ளவே கூடாது. நுள்ளிய ஒரு பரு ஆறு மாதம் கறுத்துக் கிடக்கும்.

தொடங்குகிற நாளில் ஒரே ஜன்னலுக்குப் பக்கத்தில், ஒரே நேரத்தில், போனில் மூன்று படம் எடுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அதே இடத்தில் திரும்ப எடுங்கள். 12 கிழமையில் வித்தியாசம் தெரியாவிட்டால் மாஸ்க்கை அக்காவின் அன்பாக அலுமாரியில் வைத்துவிடுங்கள். முடிச்சு முடிச்சாய் வீங்கிப் பள்ளம் விழத் தொடங்கினால் 12 கிழமை பார்த்திருக்க வேண்டாம். மாவட்ட வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தோல் வைத்தியருக்குத் துண்டு கேளுங்கள். போகும்போது கிளினிக் கொப்பியோடு அந்தக் கிறீம் டியூப்பையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.